அக்கரைக் கல்யாணம்

அந்தக் காலத்தில் நண்டுக்கும் நத்தைக்கும் பறவைக்கும் பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததே ஒழிய, ஒருவர் பேசியது இன்னொருவருக்குப் புரிந்ததா என்று கேட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

தெற்குக் கடலில் இரண்டு தீவுகள் எதிரும் புதிருமாக இருந்தன. இரண்டிலும் வெள்ளை மணல், இரண்டிலும் தென்னை, இரண்டிலும் பச்சையும் நீலமுமாகக் கலங்காத தண்ணீர். ஒன்றைப் பார்த்துவிட்டுத் தோணி ஏறி மற்றதில் இறங்கினால், கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். நடுவில் ஓடிய கால்வாயில் அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஒரு திட்டு நின்றது. அதற்கு இந்தப் பக்கமாகவும் போகலாம், அந்தப் பக்கமாகவும் போகலாம்.

இரண்டு தீவுக்கும் பேர் கிடையாது. அவரவர் நிற்பது இக்கரை, எதிரே தெரிவது அக்கரை. இதற்கு மேல் ஒரு பேர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். கதை கேட்கிற நமக்காவது தலை சுற்றாமல் இருக்கவேண்டும் அல்லவா? அதனால் ஒன்றைத் தாழைத் தீவு என்றும் மற்றதைப் புன்னைத் தீவு என்றும் நாம் வைத்துக்கொள்வோம். அங்கே இருந்தவர்களுக்கு இந்தப் பேர்கள் தெரியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

தாழைத் தீவில் சேந்தன் என்று ஒரு நண்டு இருந்தான். சின்ன உடம்பு, ஆனால் இரண்டு கையும் பெரிய கை. அன்றைக்கு அவன் இனத்தில் எல்லா ஆண் நண்டுக்கும் அப்படித்தான். நல்லவன், உழைப்பாளி. திசை மட்டும் அவனுக்கு ஆகாது. ஒரு தடவை வளை தோண்டிக்கொண்டு உள்ளே போனவன், வெளியே வருகிறேன் பேர்வழி என்று, அத்தை வீட்டுக்கு விருந்தாட வந்திருந்த ஒரு பெண் நண்டின் காலடியில் முளைத்தான். அவள் பேர் நுரைச்சி, ஊர் புன்னைத் தீவு. அவள் பயந்து கத்தவில்லை. "வழி தவறிட்டீங்களா, இல்ல சரியாத்தான் வந்தீங்களா?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சேந்தனுக்குச் சோறு தண்ணீர் இறங்காமல் போயிற்று.

அவனுடைய தாய்மாமன் வளையப்பன் விஷயத்தைப் புரிந்துகொண்டு பெண் கேட்டு ஆள் அனுப்பினார். ஆள் என்றால் உள்ளான். மணலில் குடுகுடுவென்று ஓடும் அந்தச் சின்னப் பறவைதான் இரண்டு தீவுக்கும் தூது. உள்ளானுக்கு ஒரு பெருமை உண்டு. சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டான்.

பெண்ணின் தாய் சம்மதித்தாள். கூடவே ஒரு கண்டிப்பும் போட்டாள். பௌர்ணமி அன்று சூரியன் கடலில் இறங்குவதற்குள் சோழிமாலை என் மகள் கழுத்தில் ஏறவேண்டும், ஏறாவிட்டால் எங்கள் தீவிலேயே காத்திருக்கும் பாறை நண்டுக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள். அப்புறம் தன் கரையில் நின்றபடி எதிர்த் தீவைக் கையால் காட்டி, "கல்யாணத்த அக்கரையில வச்சுக்குவோம், மாப்பிள்ளை வீட்டுலதானே வைக்கிறது வழக்கம்" என்று உள்ளானிடம் சொன்னாள்.

உள்ளான் பறந்து வந்தான். வழக்கம் கிழக்கம் என்றதெல்லாம் சேதி இல்லை, பேச்சு என்று அவன் கணக்கு. சேதியை மட்டும் ஒரு எழுத்து மாறாமல் சொன்னான்.

"கல்யாணத்த அக்கரையில வச்சுக்குவோம்னாங்க."

சேந்தன் தன் கரையில் நின்று எதிரே பார்த்தான். அக்கரை, அதாவது புன்னைத் தீவு, வெயிலில் மினுங்கியது. "அக்கரையிலேயே வச்சுக்குவோம்னு சொல்லிரு. எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்றார் வளையப்பன். அதையும் உள்ளான் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தான். இரண்டு வீட்டுக்கும் திருப்தி. இவ்வளவு ஒற்றுமையான சம்பந்தம் அமையாது என்று இரண்டு கரையிலும் பேசிக்கொண்டார்கள்.

தோணி விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கால்வாயில் இரண்டு தோணிகள் ஓடின. ஒன்று சன்னாசியினுடையது, மற்றது முத்திருளாயியினுடையது. இரண்டு பேரும் மனுஷர்கள், புருஷன் பெண்டாட்டி. ஆனால் பதினொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் தாழைத் தீவிலிருந்து துடுப்பைப் போட்டால், இவள் அதே நேரம் புன்னைத் தீவிலிருந்து போடுவாள். ஒருவர் முந்த ஒருவர் விடமாட்டார்கள். திட்டுக்கு வடக்கே அவர், தெற்கே இவள். முகத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே அப்படி ஒரு ஏற்பாடு.

பௌர்ணமி விடிந்தது. கால்வாயில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. சேந்தன் புது நுரை பூசி, இரண்டு பெரிய கையையும் சிப்பியால் தேய்த்து மினுக்கி, சோழிமாலையும் மாமாவுமாக சன்னாசியின் தோணியில் ஏறினான்.

"எங்க போகணும்?" என்றார் சன்னாசி.

"அக்கரைக்கு, அண்ணே. எனக்குக் கல்யாணம்."

"நல்லாருங்க" என்றார் சன்னாசி. தன் அனுபவத்தில் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

அதே நேரத்தில் திட்டுக்குத் தெற்கே முத்திருளாயியின் தோணியில் நுரைச்சியும் அவள் தாயும் உறவு சனமும் பாட்டும் சிரிப்புமாகத் தாழைத் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரிப்பது சேந்தனுக்குக் கேட்டது. கேட்ட சிரிப்பு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தான். கல்யாண மயக்கம் என்று விட்டுவிட்டான்.

புன்னைத் தீவில் இறங்கினால் வரவேற்க ஒரு ஈ காக்கை இல்லை. பந்தல் இல்லை. பெண் வீட்டு வளையில் எட்டிப் பார்த்தால் வெறும் வளை. ஒரு புன்னை மரத்தடியில் நத்தை ஒருவர் மட்டும் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"ஐயா, பொண்ணு வீட்டுக்காரங்க எங்க?"

"கல்யாணத்துக்குல்ல போயிருக்காங்க! எல்லாரும் அக்கரைக்குப் போயாச்சு."

சேந்தனுக்குப் பிடிபடவில்லை. "அக்கரைக்குத்தானே நான் வந்திருக்கேன்?"

"தம்பி, நீ நிக்கிறது இக்கரை."

"காலையில நான் இக்கரையிலேருந்துதானே கிளம்புனேன்?"

"அப்ப நீ இன்னும் கிளம்பவே இல்லபோல" என்று நத்தை ஓட்டுக்குள் போய்விட்டார்.

சேந்தன் சுற்றிலும் பார்த்தான். அதே மணல். அதே தென்னை. தண்ணீரும் அதே நிறம். "மாமா, நாம வந்தோமா, வரலையா?" என்று கேட்டான். வளையப்பன் எட்டுக் காலையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். தான் தான்தானா என்று அவருக்கே ஐயம்.

"வந்துட்டோம்டா. அவுகதான் போயிட்டாக. திரும்பு, திரும்பு!"

திரும்பினார்கள். தாழைத் தீவில் தங்கள் வீட்டு வாசலிலேயே வந்து இறங்கினால், மணலெல்லாம் நண்டுக் காலடி. உதிர்ந்த பூ கிடக்கிறது. மாப்பிள்ளை வீடு பூட்டிக் கிடக்கிறதே, இது என்ன மரியாதை என்று கோபித்துக்கொண்டு, பெண் வீட்டார் இப்போதுதான் தோணி ஏறினார்களாம். பாதிக் கால்வாயில், திட்டுக்கு அந்தப் பக்கமாக, மறுபடியும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

இப்போதுதான் சேந்தனுக்கு நடந்தது விளங்கியது. விளங்கியதும் பயமும் வந்தது. சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டான். தண்ணீர் வடியத் தொடங்கிவிட்டது.

"யாராச்சும் ஒருத்தர் நின்ன எடத்துல நிக்கணும் மாமா. ரெண்டு பேரும் போனாலும் வம்பு, ரெண்டு பேரும் நின்னாலும் வம்பு."

"அப்ப அவள நிக்கச் சொல்லு. நீ போ."

நல்ல யோசனைதான். யார் கையில் சொல்லி அனுப்பினான் என்பதில்தான் கோளாறு. "நீ அக்கரையிலேயே இரு, நான் வர்றேன்னு சொல்லு" என்றான் சேந்தன். உள்ளான் சிட்டாகப் பறந்துபோய், புன்னைத் தீவில் களைத்துப்போய் இறங்கிக்கொண்டிருந்த நுரைச்சியிடம் ஒரு எழுத்து மாறாமல் சொன்னான்.

"நீ அக்கரையிலேயே இரு, நான் வர்றேன்னாரு."

"அக்கரையிலயா? அங்கேருந்துதானே இப்ப வந்தோம்! அங்கேயே இருந்திருக்கணுமாமே அம்மா!" என்று நுரைச்சி தலையில் கைவைத்தாள். தாய்க்கு மூக்கின் மேல் கோபம். "இதுதான் கடைசி. அந்த மாப்பிள்ளைக்குப் புத்தி நிலையா இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தோணி ஏறினாள்.

சேந்தன் வந்து சேர்ந்தபோது புன்னைத் தீவு முன்பு போலவே வெறிச்சென்று கிடந்தது. நத்தை தலையை மட்டும் நீட்டி, "அக்கரைக்குப் போயிருக்காங்க" என்று சொல்லி இழுத்துக்கொண்டார்.

வளையப்பன் மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். சேந்தன் கரையில் நின்றான். எதிரே தாழைத் தீவு, தன் வீடு இருக்கும் கரை, இப்போது அதுதான் அக்கரை. அங்கே நுரைச்சி நிற்கிறாள். நிற்கிறாளா? இல்லை, இந்நேரம் கிளம்பிவிட்டாளா? நான் இங்கேயே நின்று, அவளும் அங்கேயே நின்றுவிட்டால்? நான் போய், அவள் வந்துவிட்டால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காலை முன்னே வைத்தான், ஒரு காலைப் பின்னே வைத்தான். கடைசியில் எந்தப் பக்கமும் போகாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருந்தான்.

"கடைசி நடை!" என்று சன்னாசி தோணியிலிருந்து கூவினார். "தண்ணி இறங்குது. வர்றவுக வாங்க. இனி நாளைக்குத்தான்."

"ரெண்டு கரையிலயும் நான் இருக்கணும் மாமா" என்றான் சேந்தன்.

"அது எப்படிடா முடியும்? நீ ஒருத்தன்தானே?"

சேந்தன் தன் கைகளைப் பார்த்தான். காலையில் சிப்பியால் தேய்த்து மினுக்கிய கைகள். வலது கையால் இடது கையைத் தோளோரம் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஒரே முறுக்கு. வளையப்பன் "ஐயோ!" என்று அலறினார். சேந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு, கழன்ற கையைக் கரையோர மணலில் ஆழ ஊன்றினான். விரல் தாழைத் தீவைப் பார்த்து நிற்கும்படி வைத்தான்.

"அவ இங்க வந்தா இது நான். அங்கேயே நின்னா, வர்ற நானும் நான்" என்றான். வலியில் உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாக அவனுக்குக் குழப்பம் இல்லை. மாமாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு தோணி ஏறினான்.

விதியைப் பாருங்கள். நுரைச்சியும் தாழைத் தீவில் வெகுநேரம் காத்துவிட்டு, தாயின் பிடுங்கல் தாங்காமல், முத்திருளாயியின் கடைசி நடையில் ஏறிவிட்டாள். திட்டுக்கு வடக்கே அவன், தெற்கே அவள். தோணிகளின் அடி சேற்றில் உரச உரச, எப்படியோ இரண்டும் கரை சேர்ந்தன. சேர்ந்த உடனே கால்வாயில் இருந்த தண்ணீர் வடிந்துபோய், இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவே பளபளவென்று சேறு மட்டும் கிடந்தது. தோணிகள் சாய்ந்துவிட்டன.

புன்னைத் தீவில் இறங்கிய நுரைச்சி, மணலில் நின்ற கையைப் பார்த்தாள். மினுக்கிய கை. அவள் காலடியில் அன்றைக்கு மண்ணைப் பிளந்துகொண்டு முளைத்ததே, அதே கை. கை இருக்கிறது, ஆளைக் காணோம்.

"அம்மா! அவரை யாரோ தின்னுட்டாங்க!" என்று விழுந்து அழுதாள்.

தூரத்தில் பாறை நண்டு புது நுரை பூசிக்கொண்டு வருவது தெரிந்தது. சூரியன் கடலுக்கு இரண்டு முழம் மேலே நின்றான்.

சாய்ந்த தோணியில் உட்கார்ந்திருந்த முத்திருளாயி எல்லாவற்றையும் பார்த்தாள். காலையிலிருந்து கல்யாணம் கல்யாணம் என்று நாலு நடை அடித்திருக்கிறாள். இந்தச் சின்னப் பெண் தொண்டை கிழிய அழுவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து நின்று, பதினொரு வருஷமாக அடைத்து வைத்திருந்த குரலைத் திறந்தாள்.

"ஏய்யா! மாப்பிள்ளை நண்டு உன் தோணியிலயா வந்துச்சு?"

சேற்றைத் தாண்டிக் குரல் போய் மோதியதும் சன்னாசி துடுப்பைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏ புள்ள! நீயா பேசுற?"

"நான்தான் பேசுறேன், கேட்டதுக்குப் பதில் சொல்லு! மாப்பிள்ளை எங்க?"

"இங்க!"

"இங்கன்னா எங்க?"

"அக்கரையில!"

"நாசமாப் போச்சு! இதே பேச்சாலதானே அன்னிக்கு அவ்வளவு சண்டையும்! சோத்த அக்கரைக்குக் கொண்டாடின்னு சொல்லிட்டு, நீ இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்கிட்ட. நான் அந்தப் பக்கம் பானையோட நின்னேன்!"

"அதுக்கா புள்ள பேசாம இருந்த? நீ வேணும்னே பட்டினி போட்டேன்னுல்ல நான் நெனச்சேன்!"

"அத அப்புறம் பேசிக்கலாம். வாயால சொன்னா நமக்கு வெளங்காது. அந்தப் புள்ளைய கையத் தூக்கிக் காட்டச் சொல்லு!"

சேந்தன் காதில் எல்லாம் விழுந்தது. இருந்த ஒற்றைக் கையை உயரத் தூக்கினான். வீசினான். மேலே தூக்கி, வளைத்து, தன் பக்கமாக இழுத்தான். மறுபடியும் தூக்கினான். சாயங்கால வெயில் அந்தக் கையில் பட்டுப் பளீரிட்டது.

நுரைச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். எதிர்க் கரையில் ஏதோ ஒரு சின்ன வெளிச்சம் எழுந்து எழுந்து விழுந்தது. "உயிரோட இருக்காரு!" என்றாள். அடுத்த நொடியே முகம் சுருங்கியது. "வான்னு சொல்றாரா, போன்னு சொல்றாரா?"

"போன்னு சொல்றவன் கையக் கழட்டி வச்சிட்டுப் போவானாடி?" என்றாள் முத்திருளாயி.

நுரைச்சி மணலில் ஊன்றியிருந்த கையைத் தன் இரண்டு சின்னக் கைகளாலும் பிடுங்கி எடுத்து அணைத்துக்கொண்டாள். நேராகச் சேற்றில் இறங்கினாள்.

"சேத்துலயா! நம்ம குலத்துல யாரும் சேத்துல கால் வச்சதில்லடி!" என்று தாய் கத்தினாள். அது உண்மைதான். அந்தக் காலத்தில் அவர்கள் வெள்ளை மணல் நண்டுகள். சேற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நுரைச்சி திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சேந்தனும் இறங்கிவிட்டான். கழுத்தில் சோழிமாலை, ஒற்றைக் கை. வழி தவறக்கூடாது என்று அவளையே பார்த்துக்கொண்டு, அந்தக் கையை வீசிக்கொண்டே வந்தான். வழிநெடுக ஒரு தடவைகூட அவன் திரும்பவும் இல்லை, தடுமாறவும் இல்லை.

அலையாத்தித் திட்டுக்குப் பக்கத்தில், முழங்கால் சேற்றில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள்.

"வழி தவறிட்டீங்களா, இல்ல சரியாத்தான் வந்தீங்களா?" என்று நுரைச்சி கேட்டாள். சிரிக்கத்தான் கேட்டாள், அழுகை வந்துவிட்டது.

"இது எந்தக் கரைன்னு தெரியல" என்றான் சேந்தன்.

"எந்தக் கரையும் இல்ல. இங்கேயே இருந்துரலாம்."

சூரியனின் கடைசி விளிம்பு கடலைத் தொட்ட நேரம் அவன் ஒற்றைக் கையால் சோழிமாலையை அவள் கழுத்தில் போட்டான். அவள் கொண்டுவந்த கையைத் தோளில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை. நாள்போக்கில் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கை முளைத்தது. வளரவே இல்லை. சேந்தன் அதைப் பார்த்து வருத்தப்பட்டபோது, "இருக்கட்டும். சின்னக் கை சாப்பிட, பெரிய கை கூப்பிட" என்று நுரைச்சி சொல்லிவிட்டாள்.

கரையில் சன்னாசியும் முத்திருளாயியும் தண்ணீர் ஏறும்வரை ஆளுக்கொரு பக்கம் நின்று கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பதினொரு வருஷத்துப் பேச்சு பாக்கி இருந்தது. உள்ளான் மட்டும், தான் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லையே, தப்பு எங்கே நடந்தது என்று யோசித்து, அலை போனால் பின்னால் ஓடி, அலை வந்தால் முன்னால் ஓடி, எது அக்கரை என்று இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கல்யாணமாகி நாளாகியும் சேந்தன் வளை வாசலில் நின்று கை வீசுவதை நிறுத்தவில்லை. ஒருநாள் நுரைச்சி பக்கத்தில் வந்து நின்று, "நான்தான் வந்துட்டேனே, இன்னும் யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான். நீ எந்தக் கரையில இருந்து பார்த்தாலும் நான் இங்க இருக்கேன்னு தெரியணும்ல."

அன்று முதல்தான் அந்தச் சின்ன நண்டுகள் மணலை விட்டுவிட்டு, தண்ணீர் வடிந்த சேற்றில் குடியிருக்கின்றன. அன்று முதல்தான் அவற்றில் ஆணுக்கு ஒரு கை பெரிதாகவும் ஒரு கை சின்னதாகவும் இருக்கிறது. துணை தூரத்தில் இருந்தாலும் பக்கத்திலேயே வந்து நின்றாலும், பெரிய கையைத் தூக்கித் தூக்கி, "இங்கே, இங்கே" என்று அது வீசிக்கொண்டே இருக்கிறது.